தெருமுனைப் பேனரில் எங்கள் முகம்

எனக்குத் தொழில் முகம் வெட்டுவது. பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். தட்டாஞ்சாவடியில் பேனர் அச்சடிக்கும் கடை ஒன்றில் டிசைன் செய்கிறேன். பையன்கள் போனில் அனுப்பும் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, பருவை அழித்து, நன்றாக வெளுக்க வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி பேனரில் ஒட்டுவேன். பின்னால் சூரியக் கதிர், பக்கத்தில் சிங்கம், தலைக்கு மேல் கிரீடம். புதுச்சேரியில் ஒருவர் பிறந்த நாளுக்கும் பேனர், கல்யாணத்துக்கும் பேனர், செத்தாலும் பேனர். எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

இந்தப் பேனர்களுக்கென்று ஒரு முறை உண்டு. நடுவில் பெரிதாகச் சிரிப்பவர் விழா நாயகர். அடியில் 'இவண்' என்று போட்டு, வரிசையாகச் சின்னச் சின்னதாக இருப்பவர்கள் பேனரை வைத்தவர்கள். அந்த அடி வரிசையில் இடம் பிடிக்கப் பையன்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். யார் முகம் முதலில், யார் முகம் கொஞ்சம் பெரிதாக, யாருக்குப் பக்கத்தில் யார் என்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அடித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. பேனரை யாரும் படிப்பதில்லை. தன் முகம் எங்கே என்று தேடுவார்கள். இருந்தால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள், அத்தோடு சரி. ஒருமுறை கண்ணீர் அஞ்சலிப் பேனரில் 'பல்லாண்டு வாழ்க' என்று தவறிப்போய் அச்சாகிவிட்டது. காரியம் முடியும்வரை அது தெருவில் நின்றது, ஒருவரும் கடைக்கு வந்து கேட்கவில்லை.

அந்த அடி வரிசையில் பெண் முகம் வருவது அபூர்வம். கட்சியில் மகளிர் அணி வைத்தால் உண்டு. மற்றபடி ஒரு பெண் பேனரில் வர வேண்டுமென்றால் அவள் கல்யாணப் பெண்ணாக இருக்க வேண்டும், அல்லது செத்துப் போயிருக்க வேண்டும், அல்லது வயதுக்கு வந்திருக்க வேண்டும். மஞ்சள் நீராட்டு விழாப் பேனர்கள் எங்கள் கடையில் எப்போதும் ஓடும். நேற்றுவரை பாவாடை சட்டையில் திரிந்த பிள்ளை பட்டுப்புடவையில் ஆளுயரத்துக்கு மேல் நிற்பாள். சுற்றிலும் தாய்மாமன்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் நிற்பார்கள். பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று தெருமுனையில் வைத்து ஊருக்கே சொல்லிவிட்டு, மறுநாளே அவளைக் கூப்பிட்டு 'தெருவில் தனியாகப் போகாதே' என்போம். இதை நினைத்தால் எனக்கு மவுஸைத் தூக்கி அடிக்கலாம் போல வரும்.

என் மகளுக்கு அப்படிப் பேனர் வைக்க நான் விடவில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் கோபித்துக்கொண்டு விருந்துக்கே வரவில்லை. பிரியாணி மிச்சம் என்று நான் விட்டுவிட்டேன்.

அவள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். வாலிபால் ஆடுகிறாள். ஆடுகிறாள் என்று சும்மா சொன்னால் போதாது. நாலாம் வகுப்பிலிருந்து சுவரில் பந்தைத் தட்டித் தட்டி எங்கள் வீட்டுச் சுண்ணாம்பை உதிர்த்தவள் அவள். பள்ளி விட்டு வந்து ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, அரைக்கால் டிரவுசரும் பனியனும் மாட்டிக்கொண்டு சைக்கிளில் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாள். புதுச்சேரி அணிக்கு ஆள் எடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்களைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன் என்று கோச் சொல்லியிருந்தார்.

எங்கள் தெருவிலிருந்து மைதானத்துக்கு அந்த முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். முனையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் கட்டியது, ஆகவே அதற்கு சொல்தா வீடு என்று பெயர். குடும்பம் பிரான்சில் இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த வீட்டின் நீள மதிலில்தான் பேனர்கள் நிற்கும். பேனருக்குக் கீழே பைக்குகள், பைக்குகளின் மேல் பேனரில் உள்ள அதே ஆட்கள். மேலே நான் வெளுத்துக் கொடுத்த முகம், கீழே அசல்.

மகள் திடீரென்று பயிற்சிக்குப் போவதை நிறுத்தினாள். முட்டி வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். ஒரு நாள் வலது முட்டியைக் காட்டினாள், மறுநாள் இடது முட்டியை நீட்டினாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. தைல பாட்டிலை மூடி வைத்துவிட்டு, உட்கார வைத்துக் கேட்டேன்.

"முனையில ஒருத்தன் இருக்கான்மா," என்றாள். "நான் வந்தாலே பந்து தட்ற மாதிரி கையக் காட்டுவான். 'இங்கயே கொஞ்சம் ஆடிட்டுப் போறது'ன்னு சொல்லுவான். எல்லாரும் சிரிப்பானுங்க. நான் பாட்டுக்குப் போயிடுவேன். அன்னைக்கி கேரியரப் புடிச்சி சைக்கிள நிறுத்திட்டான்."

"நீ இன்னா பண்ண?"

"எறங்கி, புடுங்கிக்கினு தள்ளிக்கினே ஓடியாந்துட்டேன். பின்னாடி விசில் அடிச்சானுங்க." நகத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இந்த ஆட்டமே வேணாம்மா."

அவன் செய்ததைக் கேட்டு எனக்கு வந்தது கோபம். இவள் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வந்தது பயம். ஒரு பொறுக்கி கேரியரைப் பிடித்ததற்கு இவள் பந்தை விட வேண்டுமா?

"எவன் அவன்?"

"போன மாசம் வெச்ச பேனர்ல இருக்கான் பாரு. கீழ வரிசையில, செவப்பா, கண்ணாடி போட்டவன்."

எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவன் சிவப்பு இல்லை. நான் ஆக்கியது அது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். வேண்டிய இடத்திலும் அதிரமாட்டார் என்பதுதான் சிக்கல். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "நான் பைக்ல கொண்டுபோயி வுடறேன்," என்றார்.

"உங்களுக்கு மத்தியான ஷிப்ட் வந்தா?"

"வந்தா அன்னைக்கிப் போவ வேணாம். இல்லன்னா கொஞ்ச நாளைக்கி நிறுத்தி வெக்கலாம். அவனுங்களுக்குப் பின்னாடி ஆளு இருக்குது. நமக்கு எதுக்கு."

"அப்போ அவனுங்கள நிறுத்த வேணாம், இவள நிறுத்திடலாம். அப்படித்தான?"

"நீ ஏன் என்னாண்ட சண்டைக்கி வர்ற?"

"நீங்கதான் கையெட்டுற தூரத்துல இருக்கீங்க."

அவர் சட்டைப் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தார். மகள் உள்ளறையில் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் இருந்தாள். அவளுடைய பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவள் அந்த முனை வழியாகத் தன் சைக்கிளிலேயே, தன் டிரவுசரிலேயே மறுபடி போக வேண்டும், அப்பா பைக்கில் அல்ல, துப்பட்டா போட்டுக்கொண்டு அல்ல என்று நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில், சொல்தா வீட்டுக்கு எதிரில் ஜாக்கெட் தைக்கும் அக்காவிடம் போனேன். நாள் முழுக்க முனையைப் பார்த்தபடி மிஷினில் உட்கார்ந்திருப்பவர் அவர். கேட்டதும் பெடலை நிறுத்தாமலே பேசினார்.

"உன் பொண்ணத் தனியா ஏன் கேக்கற. யார வுட்டானுங்க? எனக்கு பேரன் பொறந்துட்டான். என்னியே 'ஆன்ட்டி, எனக்கு அளவு எடுக்கறது'ங்கறான். காலையில கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போவுதே, வார்டுல துணி மடிக்கிற பொண்ணு, அதப் பாத்து 'நர்ஸம்மா, ஊசி போடறது'ங்கறான். அது நர்ஸே கெடையாது."

"நீங்க ஏங்க்கா ஒன்னும் சொல்லல?"

"நீ சொன்னியா?" என்றார். நானும் சொன்னதில்லை. அந்த முனையில் என் காதிலும் விழுந்திருக்கிறது. அந்த இடம் வந்தால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடையைக் கூட்டுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்ணைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். எங்கள் வரிசையில் குடியிருக்கும், பிஸ்கட் கம்பெனிக்குப் போகும் இன்னொரு பெண்ணையும் கேட்டேன். அவளிடம் அவன்கள் கேட்டது, "ஷிப்ட் எப்ப முடியும், நான் வெயிட் பண்றேன்" என்பது. கூடவே இன்னொரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் என் காதோடுதான் சொன்னாள். அன்றிலிருந்து பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். ஒவ்வொருத்தியும் இது தனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தன் சுடிதாரைக் குறை சொல்லிக்கொண்டாள், ஒருத்தி தன் நடையை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு, தண்ணீர் வராததை, கரண்ட் போவதை, மாமியார் திட்டியதை எல்லாம் பேசுகிறோம். இதை மட்டும் பேசியதே இல்லை. வெட்கப்பட வேண்டியவன் பைக் மேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்க, வெட்கத்தை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தெரிந்தது பேனர் போடுவதுதான். அதையே செய்யலாம் என்று தோன்றியது. அவன் முகத்தை நடுவில் ஆளுயரத்துக்குப் போட்டு, அவன் சொன்னதைக் கீழே போட்டு, அவன் குந்தும் இடத்திலேயே கட்டிவிட வேண்டும். தையல்கார அக்காவிடம் சொன்னபோது மிஷினை முதல் முறையாக நிறுத்தினார்.

"மூஞ்சப் போடாத. பேனர்ல மூஞ்சி வந்தா அவனுக்கு சந்தோஷந்தான். போட்டோ எடுத்து வெச்சிப்பான். அவன் சொன்னத மட்டும் போடு."

"அப்ப கீழ யாரு மூஞ்சி?"

"நம்மளுதுதான். வெச்சவங்க நாமதான?"

மற்ற இருவரையும் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "ஊரே சிரிக்கும்," என்றாள் ஆஸ்பத்திரிப் பெண். "இப்ப மட்டும் ஊரு அழுவுதா?" என்று அக்கா கேட்டார். அதன் பிறகு அவள் தன் போட்டோவை அனுப்பிவிட்டாள். பிஸ்கட் கம்பெனிப் பெண், புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவள், கேட்காமலே அனுப்பினாள்.

மகளிடம், "உன் மூஞ்சி வேணாம். அவன் சொன்னத மட்டும் போடட்டுமா?" என்றேன். தலையாட்டினாள். "என் பேரு வரக் கூடாது," என்றாள். வராது என்று சத்தியம் செய்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் உட்கார்ந்து டிசைன் செய்தேன். போன மாதம் அவன்களுடைய அண்ணன் பிறந்தநாளுக்குச் செய்த அதே டிசைனை எடுத்தேன். அதே சூரியக் கதிர், அதே சிங்கம், அதே கிரீடம். மேலே கொட்டை எழுத்தில், 'எங்கள் முனையின் சிங்கங்கள் பெண்களிடம் உரைத்தவை' என்று போட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்த நடு இடத்தில் முகத்துக்குப் பதில் வார்த்தைகளை வரிசையாக வைத்தேன். முதல் வரி என் மகளிடம் சொன்னது. பிஸ்கட் கம்பெனிப் பெண் காதோடு சொன்ன அந்த வார்த்தைக்கு ஒரு கட்டம் போட்டு, 'இங்கே வர வேண்டிய வார்த்தையை அச்சில் ஏற்ற எங்களுக்கு வெட்கம். சொன்னவருக்கு இல்லை' என்று எழுதினேன். அடியில் 'இவண்: இதையெல்லாம் காதால் கேட்டவர்கள்'. அதற்குக் கீழே எங்கள் முகங்கள். நான் அவற்றை வெளுக்கவில்லை. அக்காவின் கன்னத்து மங்கும் என் கண்ணுக்கடியில் இருக்கும் கருப்பும் அப்படியே அச்சில் வந்தன.

முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். வியாபாரி, ஆனால் கெட்டவர் இல்லை. "இது இன்னாம்மா?" என்றார். சொன்னேன். தலையைச் சொறிந்தார். "அவனுங்க நம்ம கஸ்டமரு."

"நானும் கஸ்டமர்தான் அண்ணே. காசு குடுத்துத்தான் அடிக்கறேன்."

திரையை மறுபடி ஒரு முறை மேலிருந்து கீழே படித்தார். அவருக்கும் கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். "மூலையில கடை பேரு, போன் நம்பர் மட்டும் போடாத," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய புடவையோடு நாங்கள் மதிலுக்குப் போனோம். சிங்கங்கள் ஞாயிறு காலையில் எழுந்திருப்பதில்லை. பேனரை விரித்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் இதைக் கட்டுவது அச்சடிப்பதைப் போல சுலபமில்லை என்று தெரிந்தது. அக்கா ஒரு மூலையை இழுத்தால் இன்னொரு மூலை அவிழ்ந்தது. அப்போது என் வீட்டுக்காரர் பைக்கில் ரீப்பர் கட்டைகளை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "கோணலா கட்னா காத்துல கிழிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டுச் சட்டம் அடிக்க ஆரம்பித்தார். நான் ஆணியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது சொன்னால் போய்விடுவாரோ என்று பயம்.

மறுநாள் நடந்ததுதான் நான் சாகும்வரை சொல்லிச் சிரிக்கப் போவது.

காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்ததும் பைக் ஒன்று வந்து நின்றது. அவன்தான். கூட இன்னொருவன். என் மகளின் கேரியரைப் பிடித்த கை, என் மேசை மேல் போனை வைத்தது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கத்தரிக்கோலைக் கைக்கு எட்டும்படி நகர்த்திக்கூட வைத்துக்கொண்டேன்.

அவன் போனில் எங்கள் பேனரின் படம் இருந்தது. "அக்கா, இது நீங்க செஞ்சதுதான? நம்ம அண்ணனுக்குப் போட்ட அதே டிசைனு. நம்ம எடத்துல வெச்சிருக்காங்க. சிங்கங்கள்னு வேற போட்டிருக்குது." குரலில் நிஜமான வருத்தம். "ஆனா எங்க மூஞ்சி விட்டுப் போச்சுக்கா. கீழ லேடீஸ் போட்டோவா இருக்குது. மகளிர் அணி வெச்சதா? எங்களக் கேக்காம எப்படி வெக்கலாம்?"

பையன் படிக்கவில்லை, அடி வரிசையில் இருந்த என் முகத்தைக்கூடக் கவனிக்கவில்லை. தன் முகத்தைத் தேடியிருக்கிறான், காணவில்லை, புறப்பட்டு வந்துவிட்டான். உள்ளே மிஷின் பக்கம் நின்ற முதலாளி காகிதத்தைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"சின்னதா தெரியுது போன்ல," என்றேன். "இரு, பெருசா காட்டறேன்." ஃபைலைத் திறந்து, நடுவில் இருந்த எழுத்துகளைத் திரை நிறையப் பெரிதாக்கினேன். "இத சத்தமா படி தம்பி. எங்க விட்டுப் போச்சுன்னு பாக்கலாம்."

அவன் குனிந்து படித்தான். நல்ல பிள்ளையாக, பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் போல. "எங்கள் முனையின் சிங்கங்கள் பெண்களிடம் உரைத்தவை. இங்கயே கொஞ்சம் ஆடிட்டு..." அங்கே நின்றது குரல். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை எத்தனை தடவை வந்திருக்குமோ, இவ்வளவு மெதுவாக வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மற்றவன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, ஓசைப்படாமல் போய் பைக்கில் ஏறிக்கொண்டான்.

"நான் சொல்லல," என்றான்.

"நீ சொன்னன்னு யாரு சொன்னது? பேரே போடலியே."

"எடுக்கச் சொல்லுங்க, அக்கா."

"மூஞ்சி விட்டுப் போச்சுன்னு இப்பத்தான் சொன்ன. ஃபைல் இருக்குது. போன மாசந்தான் பருவெல்லாம் எடுத்துக் குடுத்தேன். போட்டுடட்டுமா? முதல் வரிக்கு நேராப் போடறேன், பொருத்தமா இருக்கும்."

அவனுக்கு வேர்த்துவிட்டது. "வேணாங்க்கா," என்றான். அத்தனை பேனரில் முகம் கேட்டு வந்தவன், முகம் வேண்டாம் என்று சொன்னது அன்றுதான்.

"நீ நிறுத்தின சைக்கிள்ல இருந்தது என் பொண்ணு," என்றேன். கத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், கத்தவில்லை. "அவ ஆட்டத்தையே நிறுத்திட்டா. நீ சிரிச்சிட்டுப் போயிட்ட. உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. அவ மறுபடியும் அதே வழியா வருவா. வர்றப்ப நீ அங்க இருக்கலாம், அது உன் தெருவுந்தான். ஆனா வாயத் தொறந்தா அடுத்த பேனர்ல எழுத்து மட்டும் இருக்காது."

அவன் போனை எடுத்துக்கொண்டு போனான். முதலாளி ஒரு டீ வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. இரண்டு நாளைக்குள் ஒரு போலீஸ்காரர் முனைக்கு வந்தார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அக்கா போன் செய்ததும் நான் கடையிலிருந்து ஓடினேன். அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். பக்கத்தில் வரிசையாக நின்ற பேனர்களைக் காட்டி, "அதுங்களுக்கு இருக்குதா சார்?" என்று அக்கா கேட்டார். "அதுக்கும் இல்ல. எல்லாத்தையும் எடுக்கத்தான் வந்திருக்கோம்," என்றார் அவர். சொன்னபடியே எல்லாவற்றையும் அவிழ்க்க வைத்தார். மதில் வெறுமையாக நின்றதை அன்றுதான் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

எங்களுடையதை அவிழ்க்கும்போது, அவர் நின்று கடைசிவரை படித்தார். மேலிருந்து கீழ்வரை, எங்கள் முகங்கள் வரை. படித்து முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"சார், கட்டினாத்தான் பர்மிஷன் வேணும். கையில புடிச்சிக்கினு நிக்கலாமா?" என்று கேட்டேன்.

"எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"கை வலிக்கிற வரைக்கும்."

"ரோட்ட மறிக்காம ஓரமா நில்லுங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றிலிருந்து மாலை நேரத்தில், பள்ளியும் கம்பெனியும் விடும்போது, நாங்கள் முனையில் பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கட்டிய பேனரை யாரும் படிக்கவில்லை, ஆனால் மனிதர்கள் கையில் பிடித்தால் நின்று படிக்கிறார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்கிறார்கள். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, "நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க இதையெல்லாம் ரோட்டுல வெச்சிக்கினு நிப்பாங்களா?" என்றார். "நல்ல குடும்பத்துப் பசங்க இதையெல்லாம் ரோட்டுலதான் சொன்னாங்க," என்றேன். அவர் மறுநாள் வேறு வழியாகப் போனார். சுற்றிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு நாள், காலேஜில் படிக்கும் மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு பைக்கில் வந்த ஒருவர் நின்றார். முதல் இரண்டு வரியைச் சிரித்துக்கொண்டே படித்தார். அப்புறம் திரும்பி, "உன்னையும் இப்படி யார்னா சொல்றாங்களா?" என்று மகளைக் கேட்டார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு, "நெதமும்," என்றாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இத்தனை நடந்தும் என் மகள் வரவில்லை. பேனர் நின்றது, அவன் கடைக்கு வந்தது, போலீஸ் வந்தது எல்லாவற்றையும் கேட்டாள். அவன் சத்தமாகப் படித்ததைச் சொன்னபோது சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் சாயங்காலம் ஆனால் புத்தகத்தைத் திறந்துகொள்வாள். அவளை வா என்று நான் கூப்பிடவில்லை. தெருவில் நிற்பது என் கோபத்துக்காக. அவள் தன் பயத்தை என் கோபத்துக்காக விட வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பேனரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்துகொண்டே இருந்தது. இவள் போகாமல் போனால், நான் இங்கே நின்று என்ன கிழித்தேன் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன வியாழக்கிழமை மதிலோரம் மூன்று பைக்குகள் நின்றன. அவனும் இருந்தான், போனைப் பார்த்துக்கொண்டு. அக்காவுக்கு முகூர்த்தத் துணி தலைக்கு மேல் இருந்ததால் அன்று வர முடியவில்லை. ஒரு பக்கத்தை ஆஸ்பத்திரிப் பெண் பிடிக்க, மறுபக்கம் நான் தனியாகப் பிடித்திருந்தேன். காற்று வேறு அடித்தது. தோள் கழன்று விடும் போல இருந்தது. பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

மகள் நின்றாள். பனியன், டிரவுசர், முட்டிக்கு உறை, கேரியரில் பந்து. சைக்கிளை அந்த மூன்று பைக்குகளுக்கு நேர் முன்னால் நிறுத்தியிருந்தாள். அவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளும் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முயலவில்லை.

"குடும்மா, கை வலிக்கும் உனக்கு," என்று பேனரின் ஓரத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உன் மூஞ்சி தெரியும்டி," என்றேன்.

"தெரியட்டும். ஆறு மணி வரைக்குந்தான் புடிப்பேன். லேட்டா போனா கோச்சு கிரவுண்ட சுத்தி ஓட வுடுவாரு."

ஆறு மணிக்குப் பேனரை என் கையில் திரும்பக் கொடுத்தாள். சைக்கிளில் ஏறினாள். வழக்கமாக அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு, எழுந்து நின்று பெடலை மிதித்துப் பறப்பாள் என்று அக்கா சொல்லியிருந்தார். அன்று அவள் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, மதிலின் நீளம் முழுவதும், அவனுக்கு முன்னாலும், பெடலையே மிதிக்காமல் சைக்கிளைச் சும்மா உருளவிட்டு மெதுவாகப் போனாள்.